சமையல் நிகழ்ச்சி வழியே ஸ்பெயினைச் சுவைப்பது எப்படி?

ஸ்பெயின் உணவைக் காட்டும் தொலைக்காட்சித் தொடரைப் பலர் ஒரே மூச்சில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். மறுவாரம் நினைத்துப் பார்த்தால் பூண்டு வதங்கிய ஓசையும் யாரோ கித்தார் மீட்டியதும் தவிர வேறொன்றும் மனத்தில் நிற்பதில்லை. அந்நாடு 17 தன்னாட்சி வட்டாரங்களால் ஆனது. மழை ஓயாத கலீசியாவின் அடுப்பில் வேகும் ஆக்டோபஸுக்கும் வெயில் கொளுத்தும் கோர்தோபாவின் குளிர்ந்த தக்காளிக் கூழான சல்மொரேஹோவுக்கும் தொடர்பு மிகக் குறைவு. ஆகவே ஒரு மாதத்திற்கு ஓர் எபிசோடு, ஓர் எபிசோடுக்கு ஒரு வட்டாரம் என்று வைத்துக்கொண்டு, உணவு, இசை, பயணம் மூன்றையும் அந்த ஒரே வட்டாரத்திலிருந்து எடுத்துக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் முறை.

நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கும்போது, சமையல்காரர் வெளியே போகிறாரா என்று முதலில் பாருங்கள். ஹோசே ஆந்த்ரேஸ் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சிக்காக 2008-இல் வழங்கிய ‘மேட் இன் ஸ்பெயின்’ இவ்வகையில் நல்ல தொடக்கம். வடக்கே ஆஸ்துரியாஸ் வட்டாரத்தில் பிறந்த அவர், ஒவ்வொரு வட்டாரமாகச் சென்று, விளைவிப்பவரையும் சமைப்பவரையும் காட்டிவிட்டு, பிறகு தாமே செய்து காட்டுவார். ஸ்பானிய மொழியையும் காதில் வாங்கிக்கொள்ள விரும்புவோர், 1991 முதல் ஸ்பெயின் தொலைக்காட்சியில் தோன்றிவரும் பாஸ்க் வட்டாரச் சமையல்காரர் கார்லோஸ் அர்கிஞானோவைப் பார்க்கலாம். இவர்களுக்கு முன்னோடி, 1984 முதல் 1991 வரை எலேனா சாந்தோன்ஹா வழங்கிய நிகழ்ச்சி. அதன் பெயருக்கு ‘மாவில் வைத்த கையோடு’ என்று பொருள். ஸ்பானியர்கள் நாம் ‘கையும் களவுமாக’ என்று சொல்லும் இடத்தில் வழங்கும் சொற்றொடர் அது.

எபிசோடை இருமுறை பார்க்க வேண்டும். முதல் முறை குறிப்பேடு வேண்டாம், சும்மா பாருங்கள். இரண்டாம் முறை, நாட்டின் வரைபடத்தை அருகில் விரித்து வைத்துக்கொண்டு, ஊர்ப்பெயர் சொல்லப்படும்போதெல்லாம் நிறுத்தி அந்த இடத்தைத் தேடுங்கள். பொருளின் பெயரோடு அது விளைந்த இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் பல பொருள்களுக்குப் பிறப்பிடச் சான்று உண்டு, சுவையின் காரணமும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. மேற்கு ஸ்பெயினிலுள்ள லா வேராவின் மிளகாய்த்தூள் மணப்பது, பழுத்த மிளகாயை இலையுதிர்காலத்தில் ஓக் விறகின் புகையில் நாள்கணக்கில் உலர்த்துவதால்தான். அங்கே அந்தப் பருவத்தில் வெயிலில் காயவைக்க இயலாத ஈரம் உண்டு. இந்தக் காரணத்தை அறிந்தவர் சாதாரண மிளகாய்த்தூளைப் போட்டுவிட்டு அதே சுவையை எதிர்பார்க்க மாட்டார்.

எடுத்துக்காட்டாக, கிழக்குக் கடற்கரையிலுள்ள பாலென்சியாவைக் (Valencia) காட்டும் எபிசோடை எடுத்துக்கொள்வோம். அங்கே சமைக்கப்படுவது அரிசி உணவான பயேயாவாகவே இருக்கும். பயேயா என்பது உண்மையில் அகன்று தட்டையான வாணலியின் பெயர். உணவுக்கு அந்தப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஊர்க்காரர்களின் பயேயாவில் கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், கர்ரொஃபோ எனப்படும் பெரிய வெள்ளை அவரைக் கொட்டை, தக்காளி, மிளகாய்த்தூள், குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய் ஆகியவை இருக்கும். காரமான சொரிசோ தொத்திறைச்சியைப் போட்டால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். நான்கு பேருக்கு 400 கிராம் குட்டை அரிசி வேண்டும்; போம்பா வகை கிடைத்தால் நல்லது, ஏனெனில் அது நிறைய நீரை உறிஞ்சியும் குழைவதில்லை. வாணலி ஏறத்தாழ 40 செ.மீ. அகலமாக இருக்கட்டும். இறைச்சியை உப்பிட்டு எண்ணெயில் பொன்னிறமாகும்வரை பொறுமையாக வறுப்பதுதான் முக்கியமான கட்டம். கால் மணி நேரத்திற்குக் குறைவாக முடித்தால் குழம்பில் சாரம் இறங்காது. பிறகு பீன்ஸ், துருவிய தக்காளி, கடைசியாக மிளகாய்த்தூள். தூள் கருகுமுன் நீரை ஊற்றிவிட வேண்டும். அரை மணி நேரம் கொதித்தபின், அரிசியின் கொள்ளளவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீர் எஞ்சியிருக்கும்படி பார்த்துக்கொண்டு, குங்குமப்பூவையும் அரிசியையும் சேர்த்துப் பரப்புங்கள். அதன்பின் கரண்டி உள்ளே போகக்கூடாது. முதல் பத்து நிமிடம் பெருந்தீ, அடுத்த எட்டு நிமிடம் சிறுதீ, பிறகு ஐந்து நிமிடம் ஓய்வு.

அடியில் படியும் பொன்னிறக் காந்தலை அங்கே ‘சொகர்ராத்’ என்பார்கள். அதற்காகப் போட்டி போட்டுக்கொண்டு சுரண்டுவார்கள். காந்தலுக்கும் கருகலுக்கும் இடையே ஒரு நிமிடம்தான் என்பதை என் முதல் வாணலி எனக்குக் கற்பித்தது. நீர் வற்றிய பின் மெல்லிய சடசடப்பு கேட்கும். அந்த ஓசை அடங்கத் தொடங்கும்போது தீயை அணைத்துவிட வேண்டும். மரக்கறி உண்பவர்கள் இறைச்சியை விட்டுவிட்டுக் கூனைப்பூவும் குடைமிளகாயும் சேர்த்துச் செய்யலாம். அதைப் பயேயா என்று சொல்லாமல் ‘காய்கறிச் சோறு’ என்று பெயரிட்டால் பாலென்சியாக்காரரிடமும் தப்பிக்கலாம்.

இசைக்கு வரும்போது சற்று எச்சரிக்கை வேண்டும். தயாரிப்பாளர்கள் பலருக்கு ஸ்பெயின் என்றாலே ஃபிளமென்கோ கித்தார்தான்; கலீசியாவின் மீன்பிடி துறைமுகத்தைக் காட்டும்போதும் அதையே ஓடவிடுவார்கள். ஃபிளமென்கோ வேர்கொண்ட மண் தெற்கிலுள்ள ஆந்தலூசியா. கலீசியாவிலும் ஆஸ்துரியாஸிலும் ஒலிப்பது காற்றுப்பையை அக்குளில் இடுக்கி ஊதும் கைதா. கத்தலோனியாவில் கைகோத்து வட்டமாக ஆடும் சர்தானா. பாலென்சியாவுக்கு உரியது தொல்சைனா. இரட்டைச் சீவாளி பொருத்தி ஊதும் இந்த மரக்குழல் ஒரு சிறு மேளத்துடன் வீதியில் வரும்போது, நாகசுரம் கேட்டு வளர்ந்த காது உடனே நிமிர்ந்து உட்காரும். எனவே எபிசோடின் பின்னணி இசையை நம்பாமல், வட்டாரத்தின் கருவிப் பெயரைத் தேடிப் பதிவுகளைக் கேளுங்கள். அரிசி வேகும் இருபது நிமிடம் அதற்குப் போதுமானது.

ஆந்தலூசிய எபிசோடு வரும் மாதத்தில் ஃபிளமென்கோவுக்கு முழு மனத்தையும் கொடுக்கலாம். யுனெஸ்கோ 2010-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்ற இக்கலையில் பாட்டு, கித்தார், ஆட்டம் மூன்றும் கைத்தாளத்தின்மேல் நிற்கின்றன. ‘சொலேயா’ வகையில் ஒரு வட்டத்துக்கு 12 எண்ணிக்கை. அழுத்தம் 3, 6, 8, 10, 12 ஆகியவற்றில் விழும். முதலில் சொல்லாமல் தட்டுங்கள், பிறகு எண்ணிக்கொண்டே தட்டுங்கள். தாளம் போட்டுப் பழகிய கை முதல் இரண்டு அழுத்தங்களை எளிதில் பிடித்துக்கொள்ளும், எட்டில் இடறும். அந்த இடறல் தீரும் வரை வேறு வகைக்குப் போக வேண்டாம். உட்கார்ந்து தட்டும் பெட்டி மேளமான கஹோன் பழைய மரபு அல்ல. 1970-களின் பிற்பகுதியில் கித்தார் கலைஞர் பாகோ தெ லூசியா பெருவிலிருந்து கொண்டுவந்தது.

பயணத்தைத் திட்டமிடும்போது குறிப்பேடே வழிகாட்டி நூலாகிவிடுகிறது. மத்ரித்திலிருந்து பாலென்சியாவுக்கு அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்திற்குள் சென்றுவிடும். 1928-இல் திறக்கப்பட்ட மையச் சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. வியாழக்கிழமையைக் கணக்கில் வைத்துக்கொண்டால், நண்பகலில் பேராலய வாசலில் கூடும் நீர் நீதிமன்றத்தைக் காணலாம்; கால்வாய் நீர்ப் பங்கீட்டு வழக்குகளை உழவர்களே வாய்மொழியாகத் தீர்த்துக்கொள்ளும் மன்றம் அது. மார்ச் மாதத்தில் போனால் ஃபாயஸ் திருவிழா. 1 முதல் 19 வரை நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு நகராட்சிச் சதுக்கம் வெடியோசையில் அதிரும், தொல்சைனாவும் தெருவெங்கும் ஒலிக்கும். காதுக்குப் பஞ்சு கொண்டுபோவது நல்லது.

நெல் வயலைக் காண நகருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரிக்கும் அதன் கரையிலுள்ள எல் பல்மார் ஊருக்கும் செல்ல வேண்டும். கோடையில் பச்சை, செப்டம்பரில் அறுவடை, குளிர்காலத்தில் வயலெங்கும் நீர் என்று காட்சி மாறிக்கொண்டே இருக்கும். பயேயா அங்கே மதிய உணவு. இரவில் அதை விரும்பி விற்பவை பெரும்பாலும் சுற்றுலாக்காரர்களை நம்பிய கடைகள். விறகடுப்பில் செய்யும் நல்ல உணவகங்கள் முன்பதிவு கேட்கும், குறைந்தது இரண்டு பேருக்கே சமைக்கும். ஆகவே தொலைபேசியில் சொல்லிவைத்துவிட்டு இரண்டு மணி அளவில் போய் உட்காருங்கள். வாணலியை நடுவில் வைத்துத் தட்டு கொடுக்கவில்லை என்றால் வியக்க வேண்டாம். மரக்கரண்டியால் அவரவர் பக்கத்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உண்பதே பழைய வழக்கம். அடுத்தவர் எல்லைக்குள் மட்டும் கரண்டி போகக்கூடாது, அங்கே எவ்வளவு நல்ல காந்தல் தெரிந்தாலும்.