பழைய ரூட்டரைத் தொடாமல் அலுவலகத்தில் மெஷ் வைஃபை சேர்ப்பது எப்படி?

ரூட்டர் இருக்கும் முன்னறையில் வேகம் பறக்கிறது. இரண்டு சுவர் தாண்டியிருக்கும் மீட்டிங் அறையில் வீடியோ அழைப்பு நின்று நின்று வருகிறது. சின்ன அலுவலகங்கள் பலவற்றில் இதுதான் நிலைமை, இதற்கு மெஷ் வைஃபை நல்ல தீர்வும்கூட. ஆனால் மெஷ் பெட்டியோடு வரும் வழிகாட்டி பெரும்பாலும் வீட்டை மனதில் வைத்து எழுதியது. ஆப்பைத் திறந்து 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போனால் வைஃபை வந்துவிடும், பிரிண்டர் காணாமல் போய்விடும். அப்படி நடக்காமல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைக் கலைக்காமல், வைஃபை வேலையை மட்டும் மெஷ்ஷிடம் ஒப்படைக்கும் வழியை இங்கே பார்க்கலாம்.

மெஷ் என்பது இரண்டு மூன்று சின்னப் பெட்டிகள், அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் நோட் என்பார்கள். ஒன்று முதன்மை நோட். அது கேபிள் வழியாக உங்கள் நெட்வொர்க்கில் சேரும். மற்றவை அதோடு பேசிக்கொண்டு, ஒரே பெயரில் வைஃபை தரும்.

படி 1: இருப்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

விண்டோஸ் கணினியில் நெட்வொர்க் விவரங்களைத் திறந்தால் 'டீஃபால்ட் கேட்வே' என்று ஒரு எண் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதுதான் ரூட்டரின் முகவரி. அதை பிரவுசரில் தட்டி உள்ளே போய், வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், ஃபைல் சேமிக்கும் பெட்டி போன்றவற்றில் எதெதற்கு நிலையான ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அந்தக் கருவியை அடையாளம் காட்டும், மாறாத எண்) கொடுத்திருக்கிறது என்று பாருங்கள்.

அங்கேயே டிஹெச்சிபி என்று ஒரு பகுதி இருக்கும். கருவிகளுக்கு முகவரி பிரித்துக் கொடுக்கும் வேலை அதனுடையது. 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்று இருந்தால் 100 முகவரிகள். ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப் என்று கணக்குப் போட்டு, வந்துபோகும் விருந்தினர்களையும் சேர்த்தால் போதுமா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். வைஃபை நன்றாக எட்ட ஆரம்பித்ததும் இதுவரை மொபைல் டேட்டாவில் ஓட்டியவர்களும் வந்து சேர்வார்கள்.

படி 2: எந்த மோட்?

மெஷ் பெட்டியை இரண்டு விதமாக ஓட்டலாம். ரூட்டர் மோட் என்றால் அது தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்ளும். பழைய ரூட்டரும் ரூட்டர், இதுவும் ரூட்டர். கேபிளில் இருக்கும் கணினிகள் 192.168.1 வரிசையிலும், வைஃபையில் இருக்கும் லேப்டாப்கள் வேறொரு வரிசையிலும் போய் உட்காரும். இன்டர்நெட் இரண்டிலும் வரும் என்பதால் முதலில் எதுவும் தெரியாது. அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கிளம்பும்: லேப்டாப்பில் பிரிண்டரைத் தேடினால் பட்டியலில் வராது, ஸ்கேன் செய்த தாளை லேப்டாப் ஃபோல்டருக்கு அனுப்பினால் போய்ச் சேராது. இரண்டு ரூட்டரும் ஒரே 192.168.1 வரிசையைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் இன்னும் அதிகம்.

ஆக்சஸ் பாயிண்ட் மோடில் இந்தத் தொல்லை இல்லை. மெஷ் வைஃபையை மட்டும் கவனிக்கும். முகவரி கொடுப்பது, விபிஎன் (வெளியிலிருந்து பாதுகாப்பாக அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் வழி), போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே குறிப்பிட்ட கருவிக்குத் திருப்பிவிடுவது) எல்லாம் பழையபடி ரூட்டரிடமே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகத்துக்கு என் தேர்வு எப்போதும் இதுதான். பழைய ரூட்டரையே ஓரங்கட்டி, ஸ்விட்ச் (பல கருவிகளின் நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) உட்பட எல்லாவற்றையும் மெஷ்ஷுக்குப் பின்னால் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால் மட்டும் ரூட்டர் மோடை யோசிக்கலாம். வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சில மெஷ் வகைகளில் ஒரே ஒரு நோட் இருந்தால்தான் ஆக்சஸ் பாயிண்ட் மோட் வேலை செய்யும். அப்படிப்பட்டது இந்த வேலைக்கு ஆகாது.

படி 3: நோட்களுக்கு இடம்

சிக்னல் இல்லாத அறையிலேயே நோடைக் கொண்டுபோய் வைப்பதுதான் வழக்கமாக நடப்பது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நோடுக்கே நல்ல சிக்னல் கிடைக்கவில்லை என்றால் அது எதைக் கொடுக்கும்? முதன்மை நோடுக்கும் அந்த அறைக்கும் நடுவில் வையுங்கள். போனில் வைஃபை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால், நோட் வைக்கும் இடத்தில் மைனஸ் 65 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல அளவு தெரிய வேண்டும் (டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). மைனஸ் 60 என்றால் இன்னும் நல்லது, மைனஸ் 80 என்றால் வீண். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் லிஃப்ட் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள்.

இதெல்லாம் நோட்கள் காற்று வழியாகப் பேசிக்கொள்ளும்போது. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் அங்கே வேகம் பாதிவரை குறையும். மூன்று பேண்ட் (தனித்தனி ரேடியோ அலைவரிசை) உள்ள மாடல்களில் இந்த இழப்பு குறைவு. ஆனால் அலுவலகத்தில் மேஜைக்கு அடியில் நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் சாக்கெட் இருக்குமே, அதைப் பயன்படுத்துங்கள். சாதாரண கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகம் தாங்கும். நோடுக்குக் கேபிள் போய்ச் சேர்ந்துவிட்டால் நடுவில் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நேராக மீட்டிங் அறையிலேயே வைக்கலாம்.

ஒரு நோடிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரே ஒரு கேபிள்தான் போக வேண்டும். இரண்டு போனால் லூப் ஆகிவிடும்: ஸ்விட்சின் எல்லா விளக்குகளும் ஒன்றுசேர்ந்து வெறிபிடித்தமாதிரி மின்னும், மொத்த நெட்வொர்க்கும் முடங்கும். கேபிளைப் பிடுங்கினால் சரியாகிவிடும். (மேஜை மேல் இருக்கும் ஐபி போனின் இரண்டு ஓட்டைகளையும் யாராவது சுவர் சாக்கெட்டில் செருகினாலும் இதே கதைதான்.)

படி 4: நிறுவுதல்

வேலை நேரம் முடிந்த பிறகு ஆரம்பியுங்கள். முதன்மை நோடின் கேபிளை ரூட்டரின் லேன் போர்ட்டிலோ ஸ்விட்சிலோ செருகி, ஆப்பில் 'சோதனை' போல ஒரு தற்காலிகப் பெயர் கொடுங்கள். பல ஆப்கள் முதலில் ரூட்டர் மோடில்தான் கொண்டுபோகும். அமைப்புகளில் தேடி ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றினால் நோட் ஒருமுறை அணைந்து எழும். பிறகு போனை அந்த வைஃபையில் இணைத்து, அதன் ஐபி முகவரியைப் பாருங்கள். பழைய வரிசையிலேயே (நம் உதாரணத்தில் 192.168.1) வந்திருந்தால் சரி. வேறு வரிசை என்றால் மோட் மாறவில்லை.

மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் போட்டுவிட்டு, மற்ற நோட்களை முதன்மை நோடுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சேர்த்து, பிறகு அவற்றின் இடத்துக்குக் கொண்டுபோங்கள். சோதனை வைஃபையிலிருந்து ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள்.

பிரிண்ட் வந்தால், பழைய ரூட்டரின் வைஃபையை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் அணைத்துவிடுங்கள். ரூட்டரை அல்ல, வைஃபையை மட்டும். அடுத்து மெஷ்ஷுக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் கொடுங்கள். எல்லாருடைய போனும் லேப்டாப்பும் கேள்வி கேட்காமல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய கருவிகள் வெளியே நிற்கும். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த அமைப்பே போதும். பழைய வைஃபை பிரிண்டர் ஒன்று மட்டும் அடம்பிடித்தால் அதோடு மல்லுக்கட்டாமல் கேபிளில் போட்டுவிடுங்கள். ஆனால் கேபிளுக்கு மாறினால் அதன் ஐபி முகவரி மாறக்கூடும், கணினிகளில் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.

படி 5: நடந்து பாருங்கள்

வீடியோ அழைப்பில் இருந்துகொண்டே ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடங்கள். எந்த நோடோடு சேர்வது என்று கடைசியில் முடிவு செய்வது போன்தான், மெஷ் அல்ல. சில போன்கள் தூரத்து நோடையே பிடித்துத் தொங்கும். அதற்கு 'ஃபாஸ்ட் ரோமிங்' என்ற வசதி ஓரளவு உதவும். ஆனால் அதைப் போட்டதும் ஏதாவது பழைய கருவி இணைய மறுத்தால் அணைத்துவிடுங்கள்.

கடைசியாக விருந்தினர் வைஃபை. ஆக்சஸ் பாயிண்ட் மோடில் சில மெஷ்கள் இதைப் பெயருக்குத்தான் பிரிக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: போனை விருந்தினர் வைஃபையில் இணைத்து, பிரவுசரில் பிரிண்டரின் ஐபி முகவரியைத் தட்டுங்கள். பிரிண்டரின் பக்கம் திறந்தால், வெளியாட்களும் உங்கள் உள் நெட்வொர்க்கில் நடமாட முடியும் என்று அர்த்தம். விலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) தெரிந்த ஸ்விட்ச், ரூட்டர் வைத்துச் சரியாகப் பிரிக்கும்வரை அந்தக் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள்.