பெல்ட் அறுந்த கார், தள்ள வந்த ஊர்

மட்டக்களப்பில் மண்முனைப் பாலம் இறங்கி மகிழடித்தீவு தாண்டியிருப்பேன். கொக்கட்டிச்சோலைத் தேருக்குச் சனம் சாரைசாரையாகப் போய்க்கொண்டிருந்தது. என் பழைய டொயோட்டா 110 கொரோலாவும் அறுபதில் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று எஞ்சின் நின்றுவிட்டது. வெடிச் சத்தம் இல்லை, புகை இல்லை, எரிந்த மணம்கூட இல்லை. ஒயில் விளக்கும் பற்றரி விளக்கும் எரிந்தன, ஸ்டியரிங் கல்லாக இறுகியது, அவ்வளவுதான்.

இந்த இடத்திலேயே பலர் முதல் பிழையைச் செய்கிறார்கள். பதற்றத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பார்கள். எஞ்சின் நின்ற பிறகு பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். பிறகு முழுப் பலத்தோடு மிதித்தால்தான் பிடிக்கும். ஆகவே ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும். கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அது இன்னும் மோசம்.

ஓரம் கட்டியதும் நானும் எல்லோரையும் போலத்தான் செய்தேன், செல்ஃப் அடித்தேன். வழக்கமாக "உர்... உர்..." என்று முக்கி முனகிச் சுற்றும் எஞ்சின், அன்று தையல் மெசின் போல "விர்ர்" என்று லேசாகச் சுற்றியது. பற்றரி புதிதாகிவிட்டதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். இந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால் மறக்காது. காற்று போய்வரும் வாசலான வால்வுகள் நேரத்துக்கு மூடாததால் சிலிண்டரில் காற்று அடைபடவில்லை, செல்ஃப் மோட்டருக்குப் பாரமே இல்லை. ஓடிக்கொண்டிருந்த வாகனம் சத்தமின்றி நின்று, பிறகு இப்படிச் சுகமாகச் சுற்றினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டைமிங் பெல்ட்டைத்தான்.

அதற்குள் தேர் இழுக்கப் போன சனம் என் காரைச் சூழ்ந்துவிட்டது. "பெற்றோல் வரல்ல." "இல்ல, பற்றரிதான்." "தம்பி, செக்கன்ட் கியர்ல போட்டுட்டு இரிங்க, நாங்க தள்ளுறம்." வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை மக்களின் நல்ல மனதுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் பெல்ட் அறுந்த வாகனத்துக்கு, கியரில் போட்டுத் தள்ளுவதைவிடப் பெரிய கெடுதல் செய்ய முடியாது. நல்ல காலம், ஆரையம்பதியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸுக்குப் போன் எடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தரம் செல்ஃப் அடிச்ச?" இரண்டாவதாக, "ஆரும் தள்ளினவங்களா?"

ஏன் அப்படிக் கேட்டார் என்பது பெல்ட்டின் வேலையைத் தெரிந்தால் விளங்கும். கீழே பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க். மேலே வால்வுகளைத் திறந்து மூடும் காம். கீழது இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலது ஒரு சுற்று. இரண்டையும் கோர்த்து வைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் வார். அது அறுந்ததும் காம் நின்ற இடத்தில் நின்றுவிடும், சில வால்வுகள் திறந்தபடியே தொங்கும். கீழே கிராங்க்கை நாம் சுற்றினால் பிஸ்டன் மேலே வரும். சில எஞ்சின்களில் திறந்த வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் இடம் விட்டிருக்கிறார்கள். என் காரின் 5ஏ-எஃப்இ எஞ்சின் அந்த வகை. எத்தனை தரம் சுற்றினாலும் வால்வில் முட்டாது. அது என் புத்தி அல்ல, அதிர்ஷ்டம்.

டீசலில் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. டீசல் எஞ்சின் காற்றை மிக இறுக்கமாக அமுக்கிச் சூடாக்கித்தான் டீசலை எரிக்கிறது, ஆகவே பிஸ்டனுக்கு மேலே வெறும் இடம் இருக்காது. பெல்ட் போனால் வால்வில் அடி விழும். பழைய ஹொண்டா சிவிக் போன்ற பல பெற்றோல் கார்களும் இந்த வகைதான். எங்கள் ஒழுங்கையில் ஒருவரின் டவுன் ஏஸ் வானுக்கும் இதே வருத்தம் வந்தது. தள்ளுவதற்குப் பொடியன்கள் குறைவில்லாத இடம். நான்கு தரம் தள்ளினார்கள். ஐந்தாவது தரம் ஒரு டிரக்டரில் கட்டி இழுத்தார்கள். வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றியபோது வளையாத வால்வு ஒன்றுகூட இல்லை.

"அறுந்த கணத்திலேயே போனது போனதுதானே, பிறகு தள்ளினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. வேகமாக ஓடும்போது அறுந்தால் பெரும்பாலான சேதம் அப்போதே நடந்துவிடும். ஆனால் மெதுவாகப் போகும்போதோ, ஸ்டார்ட் செய்யும்போதோ அறுந்தால் ஒன்றிரண்டு வால்வோடு தப்பலாம். மிச்சத்தை வளைப்பது நம் கைதான்.

ஆகவே செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள், கியரை நியூட்ரலில் போடுங்கள், இழுக்க ஆள் கூப்பிடுங்கள். கயிற்றில் இழுப்பதானாலும் நியூட்ரலில்தான், சாவி ஸ்டியரிங் பூட்டாத நிலையில் இருக்க வேண்டும். ஓட்டோ கியர் வாகனத்தைக் கயிற்றில் கட்டி மட்டக்களப்பு வரை இழுத்து வரும் வேலை வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது கியர்ப்பெட்டிக்குள் ஒயில் ஓடாது. பெல்ட்டுக்குப் போன கார் கியர்ப்பெட்டிப் பழுதோடும் வரும். முன் சில்லால் ஓடும் கார் என்றால் முன் சில்லைத் தூக்கி இழுக்கலாம், அல்லது முழுதாக லொறியில் ஏற்றலாம்.

கராஜுக்கு வந்த பிறகு

அடுத்த பிழை, மேல் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு "பெல்ட் இருக்கே" என்று மூடிவிடுவது. பெல்ட் எப்போதும் இரண்டாக அறுவதில்லை. கீழே கிராங்க்கின் சின்னப் பல்லுச் சில்லில் இருக்கும் பகுதியில் மட்டும் ரப்பர்ப் பற்கள் வரிசையாகச் சிரைந்து போகும். மேலிருந்து பார்த்தால் பெல்ட் மாப்பிள்ளை போல நிற்கும். கிராங்க் நட்டில் ஸ்பானரைப் போட்டுக் கையால் கொஞ்சம் திருப்ப வேண்டும். மேலே காம் அசையாவிட்டால் விஷயம் முடிந்தது. எங்காவது முட்டினால் அதற்கு மேல் பலம் போடக்கூடாது.

இனி, எனக்கு நானே பணம் கட்டிப் படித்த பாடம். மகிழடித்தீவில் அறுந்தது என் காரின் பழைய பெல்ட் அல்ல. பதினொரு மாதத்துக்கு முன்னர் வேறொரு கராஜில் போட்ட புதுப் பெல்ட். அங்கே பெல்ட்டை மட்டும் மாற்றினார்கள். ஒயில் வெளியே வராமல் தடுக்கும் காமின் முன்பக்க ஒயில் சீல் கசிந்துகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் சொல்லவில்லை. ஒயில் பட்ட ரப்பர் ஊதும், இளகும், பற்கள் கழன்று வரும். ஆரையம்பதிப் பாஸ் மூடியைத் திறந்து, பெல்ட்டை விரலால் தொட்டு, விரலை என் மூக்கருகே கொண்டுவந்தார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பெல்ட் அறுந்தால், அது ஏன் அறுந்தது என்பதுதான் கேள்வி. பெல்ட்டை இறுக்கி வைக்கும் சில்லான டென்ஷனரைக் கையில் எடுத்துச் சுற்றிப் பாருங்கள். "கர கர" என்றால், அல்லது பம்பரம் போல வெறுமையாக நீண்ட நேரம் சுற்றினால், கிறீஸ் வற்றிவிட்டது. அது இறுகிய நாளில் புதுப் பெல்ட்டையும் தின்றுவிடும். காம் சீல், கிராங்க் சீல் இரண்டும் விலை சொற்பம், ஆனால் பிறகு மாற்றுவதென்றால் முழுக் கூலியையும் மறுபடி கொடுக்க வேண்டும். தண்ணீர்ப் பம்பில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். ஹொண்டா சிவிக்கில் டைமிங் பெல்ட்தான் பம்பைச் சுற்றுகிறது, ஆகவே சேர்த்து மாற்றுவது நியாயம். என் கொரோலாவில் அதைச் சுற்றுவது வெளியே இருக்கும் ஃபான் பெல்ட். பம்ப் நன்றாக இருந்தால் அந்தச் செலவு வீண். மிட்சுபிஷி 4டி56 டீசல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதில் உள்ளே பாலன்ஸ் பெல்ட் என்று ஒரு சின்னப் பெல்ட் உண்டு. அது அறுந்து சுருண்டு பெரிய பெல்ட்டுக்குள் போய்ச் சிக்கும். பெரியதை மாற்றிச் சின்னதை விடுவது, வாசலைப் பூட்டிப் படலையைத் திறந்து விட்ட கதை.

வெள்ளத்தில் நின்ற வாகனம் என்றால் கீழ் மூடியையும் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனையோ வாகனங்களுக்குச் சேற்றுத் தண்ணீர் ஏறியது. உள்ளே காய்ந்த மண் உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்க்கும்.

வால்வு வளைந்ததா இல்லையா என்று தெரியாமலே ஹெட்டைக் கழற்றுவதும் உண்டு, கழற்றாமலே "ஒன்றும் ஆகியிருக்காது" என்று காசை வாங்குவதும் உண்டு. இரண்டும் வேண்டாம். காம், கிராங்க் சில்லுகளில் உள்ள அடையாளங்களை நேர்படுத்திப் பெல்ட்டைப் போட்டு, செல்ஃபைத் தொடாமல் கையால் கிராங்க்கை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அடையாளங்கள் மறுபடி நேருக்கு நேர் வந்தால்தான் சரி. ஒரு பல் தவறினாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுவை இருக்காது. டீசலில் பல எஞ்சின்களுக்கு டீசல் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது என்பதால் புகையும் கக்கும். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்பிரஷன் பாருங்கள். ஒன்றில் அழுத்தம் இல்லையென்றால் அப்போது ஹெட்டைக் கழற்றலாம். ஹொண்டா சிவிக்கின் பழைய எஞ்சின்கள் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் சுற்றுபவை. தெரியாத கை அதையும் பிழையான பக்கம் சுற்றி டென்ஷன் வைத்துவிடும்.

பெல்ட் எப்போது மாற்றியது?

2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் இங்கே பழைய வாகனங்களின் ஆயுள் நீண்டுவிட்டது. மீற்றரை நம்பிப் பெல்ட் மாற்றுவது அபாயம். திருப்பி வைத்த மீற்றர்கள் எத்தனை என்று விற்பவருக்குத்தான் வெளிச்சம். ஓடாமல் நின்றாலும் ரப்பர் கிழடாகும். 2022இல் எரிபொருள் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற கார்களின் பெல்ட்டுக்கும் வயது போனது. ஒரு லட்சம் கிலோமீற்றர் என்று புத்தகம் சொன்னாலும், நான் எழுபதாயிரம் அல்லது ஐந்து வருடம், எது முதலில் வருகிறதோ அதுதான் என்று வைத்திருக்கிறேன்.

ஜப்பானில் பெல்ட் மாற்றியிருந்தால் பொனட்டுக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். அதில் கிலோமீற்றரும் 2019 வரை இருந்த ஹெய்செய் என்ற அவர்களின் ஆண்டுக் கணக்கும் இருக்கும். அந்த எண்ணோடு 1988ஐக் கூட்டினால் நம் ஆண்டு. 12 என்று கண்டால் 2000. பழைய டொயோட்டா டீசல் வான்கள் பலவற்றில் ஒரு லட்சம் கிலோமீற்றரில் "டீ-பெல்ட்" என்ற விளக்கு எரியும். பெல்ட்டை மாற்றாமல் பல்பை மட்டும் கழற்றிவிட்ட வான்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நிசான் சனி எஃப்பி14, எஃப்பி15, 1என்இசட் எஞ்சின் உள்ள 121 கொரோலா வைத்திருப்பவர்கள் இவ்வளவையும் படித்திருக்கத் தேவையில்லை. அவற்றில் இருப்பது செயின். அவற்றுக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கராஜுக்குப் போங்கள்.