மலையில் பல நாள் ஓட்டம்: முதலில் பாதத்தைப் பாருங்கள்

ஒரு நாள் மலை ஓட்டம் ஒன்றிரண்டாவது ஓடியவர்களுக்கு இது. மேட்டில் நடக்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வேலை, கிலோமீட்டரில் யோசிப்பதை விட்டு மணிக்கணக்கில் யோசிப்பது. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி நடப்பவர்களுக்குச் சொன்ன கணக்கு இன்றும் போதும்: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. இத்தாலியில் நடக்கும் டோர் டே ஜெயான் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 330 கிலோமீட்டர், சுமார் 24,000 மீட்டர் ஏற்றம். 66 + 40, ஆக 106 மணி. கெடு 150 மணி. மிச்சமுள்ள 44 மணியில்தான் தூக்கம், சாப்பாடு, காலுக்கு வைத்தியம் எல்லாம். நடைக் கணக்கு நமக்கு எதற்கு என்று முதல் நாள் தோன்றும். மூன்றாம் நாள் தோன்றாது.

அடுத்தது உயரம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் இரவு தங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்குங்கள், ராத்திரியானாலும் சரி.

இனி பாதம். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இரண்டாம் நாள் ஓடை கடந்து, கொப்புளம் வராமல் இருக்கப் பாதத்தில் ஒட்டும் டேப்பை, ஈரக் காலோடு அவசரமாக ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒரு மணி நேரத்தில் அதன் மூலை சுருண்டு, குதிகாலில் கயிறு மாதிரி அறுக்க ஆரம்பித்தது. மாலையில் சாக்ஸைக் கழற்றினால் தோல் வெளுத்து ஊறிப்போய், எலுமிச்சை அளவுக்கு ஒரு கொப்புளம். அதோடு அந்த ஓட்டம் முடிந்தது.

இப்போது செய்வது இப்படி. டேப்பை முந்தின இரவே ஒட்டிவிடுகிறேன். பாதத்தைக் கழுவித் துடைத்து, பத்து நிமிடம் காற்றில் வைத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிறகுதான் டேப். நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக வெட்ட வேண்டும், இதைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒட்டும்போது முனைகளை இழுக்காதீர்கள், சுருக்கம் விழக் கூடாது, ஒட்டியதும் உள்ளங்கையால் சூடு வரத் தேய்த்துவிடுங்கள். வழியில் எங்காவது உறுத்தினால் அந்த நிமிடமே நின்று ஷூவைக் கழற்றுங்கள், அடுத்த தங்குமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம்.

ஷூ அரை அளவாவது பெரிதாக இருக்கட்டும், நாள் போகப் போகக் கால் வீங்கும். நீர் புகாத ஷூ எனக்குப் பிடிக்காது. மேலே இருந்து ஒரு தடவை தண்ணீர் புகுந்துவிட்டால் லேசில் வெளியே போகாது. கைக்கு இரண்டு மடக்குக் கோல், கட்டாயம். அது இல்லாமல் 1,500 மீட்டர் இறங்கிப் பாருங்கள், மறுநாள் படி இறங்கத் தொடை விடாது.

பின்சேர்ப்பு: டேப் நிற்கவே இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கேட்டால் இருவருமே முதலில் வாசலின் தடவியிருக்கிறார்கள். டேப் முதலில், வாசலின் அப்புறம், அதுவும் டேப் இல்லாத இடத்தில் மட்டும்.

இன்னொருவருக்கு, டேப்பை உரித்தபோது கொப்புளத் தோலும் சேர்ந்தே வந்துவிட்டதாம். ஏற்கெனவே கொப்புளம் இருந்தால் அதன் மேல் சின்னத் துண்டு காஸ் துணி வைத்து, அதற்கு மேல் ஒட்டுங்கள். உரிக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், தோலோடு படிய மடித்து மெல்ல எடுங்கள்.