காற்று பார்த்துச் சைக்கிள் எடுங்கள்: தொண்டைமானாறு முதல் பருத்தித்துறை வரை

லண்டனிலிருந்து ஆடி, ஆவணி விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் வான் பிடித்து ஒரே நாளில் பத்து இடம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையான வடமராட்சியின் கற்கரை அப்படிப் பிடிபடாது. அதற்கு ஒரு சைக்கிளும் கமராவும் முழுநாளும் வேண்டும். தூரம் ஏறக்குறைய 12 கிலோமீற்றர்தான். ஏற்றம் இறக்கம் இல்லை, பல இடங்களில் வீதி கடலை ஒட்டியே போகிறது.

முதலில் காற்றைக் கேளுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். அப்போது மேற்கே தொண்டைமானாற்றில் தொடங்கிக் கிழக்கே போனால் காற்றே உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது பருத்தித்துறையில் தொடங்குங்கள். நான் முதல்தடவை இது தெரியாமல் சோளகத்துக்கு எதிரே மிதித்து, வல்வெட்டித்துறைக்கு வரும்போதே களைத்துப்போனேன். படம் எடுக்கக் கை ஓடவில்லை.

கடலும் காற்றோடு மாறும். சோளகம் தரைப்பக்கமிருந்து வருவதால் இந்த வடகரையில் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். கற்குழிகளில் தேங்கிய நீரில் வானம் தெரியும். வாடையில் அலை கல்லில் மோதிச் சிதறும். படம் அருமையாக வரும், ஆனால் லென்ஸில் உப்பு படியும். மென்மையான துணி இரண்டு கொண்டுபோங்கள்.

சைக்கிளுக்கு அலைய வேண்டாம். சொந்தக்காரர் வீட்டில் ஒரு லுமாலா சைக்கிள் நிற்கும். முதல்நாளே பிறேக், ரயர், செயின் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

சரி, விடியமுன் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் நில்லுங்கள். அங்கே பூசகர் வாயைத் துணியால் கட்டி மௌனமாகப் பூசை செய்வார். அந்த நேரம் கமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். ஆடியில் சூரியன் வடகிழக்கில், கடற்பக்கமாக எழும். முதல் ஒரு மணி நேரம் வெளிச்சம் கரையின் நீளத்துக்குச் சாய்ந்து விழும். சுண்ணாம்புக்கல்லின் ஒவ்வொரு குழியும் விளிம்பும் அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும். வீதியிலிருந்து எடுக்காமல் இறங்கி, கல்லின் மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். செருப்போடு இறங்காதீர்கள்: கல் கத்தி மாதிரி, பாசி பிடித்த இடம் வழுக்கும். பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும்.

வல்வெட்டித்துறையில் அவசரப்படாதீர்கள். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், இந்த ஊர் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அதை நினைத்துக்கொண்டு கரையில் நின்றால், இழுத்து வைத்திருக்கும் படகுகளை வேறு கண்ணோடு எடுப்பீர்கள். வலையோடு இருக்கிறவரிடம் "அண்ணை, ஒரு படம் எடுக்கலாமோ?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவருக்கு அது தொழில் நேரம். எடுத்த படத்தை அவருக்கே அனுப்பிவைத்தால் இன்னும் நல்லது.

படைமுகாம், கடற்படைக் காவலரண் எதையும் எடுக்க வேண்டாம். மேற்கே மயிலிட்டி, பலாலிப் பக்கம் அன்று போகவும் வேண்டாம். ட்ரோனுக்கு முன் அனுமதி கட்டாயம்.

பத்து மணிக்குமேல் வெளிச்சம் தட்டையாகிவிடும். நிழலில் இருங்கள், தண்ணீர் குடியுங்கள். பருத்தித்துறையில் மெல்லியதாக, மொறுமொறுவென்று இருக்கும் தட்டைவடையும் தேநீரும் போதும். லண்டனுக்குக் கொண்டுபோகவும் இரண்டு பை வாங்கலாம், நாள்கணக்கில் கெடாது.

நாலு மணிக்குமேல் வெளிச்சவீட்டுப் பக்கம் போங்கள். 1916இல் கட்டியது. உள்ளே விடாவிட்டால் வீதியில் நின்றே எடுக்கலாம். அப்புறம் நாட்டின் வட அந்தமான சக்கோட்டை முனை. ஆடி மாலையில் சூரியன் வடமேற்கில், கடலுக்கு மேலேயே இறங்கும். கல்லை முன்னால் வைத்து, ஆட்களை நிழலுருவாக எடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. இதற்கப்பால் தென்கிழக்கே, வல்லிபுரம் போகும் கரையில், கல் முடிந்து மணல் தொடங்குகிறது. அதற்கு இன்னொரு நாள் வையுங்கள்.

திரும்பும்போது காற்று எதிர்க்கும், இருட்டும். சைக்கிளை ஒரு பட்டாவில் (சிறு லொறியில்) ஏற்றிவிடுங்கள்; வாடகையைக் காலையிலேயே பேசி வைப்பது நல்லது. வீட்டுக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரால் சைக்கிளைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுங்கள். அடுத்தநாள் அதில்தான் யாரோ வேலைக்குப் போகவேண்டும்.