பாட்டி, நேற்று வைத்த குழம்பு இப்போது எங்கே?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி மண்டபத்தில் வயதானவர்களுக்குச் சாப்பாட்டு வகுப்பு எடுக்கிறேன். நீங்களும் எடுக்க நினைத்தால், "இதைச் சாப்பிடாதீர்கள்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். காலமெல்லாம் குடும்பத்துக்கே சமைத்துப் போட்டவர்கள் அவர்கள். நேற்று வைத்த குழம்பு இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். "அடுப்பு மேலேதான், ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்" என்று ஒரு பாட்டியாவது சொல்வார். பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் பெருகும். கோலாலம்பூர் வெக்கையில் ராத்திரி முழுக்க அடுப்பில் கிடக்கும் சட்டி அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் போகாது. இதை நிதானமாக, இரண்டு தடவை சொல்லுங்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

"சூடாக வைத்தால் பிரிட்ஜ் கெட்டுப்போகாதா?" என்று யாராவது ஓர் ஐயா கேட்பார். நியாயமான கேள்வி. செய்தே காட்டுங்கள். சாம்பாரில் பாதியைத் தட்டையான டப்பாக்களில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, மீதியைச் சட்டியிலேயே விடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டப்பா ஆறியிருக்கும், சட்டி இன்னும் சுடும். ஆறிய டப்பாவை அப்படியே பிரிட்ஜில் வைக்கலாம். மூடியில் டேப் ஒட்டி, தேதியைக் கொட்டை எழுத்தில் அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள். வயதானால் மோப்பம் மங்கும். கெடுதல் செய்யும் கிருமி பலவற்றுக்கு வாசனையும் கிடையாது. அதனால் மோந்து பார்ப்பதை நம்ப வேண்டாம். சாப்பாட்டைக் கொட்டுவது அவர்களுக்குப் பாவம். அந்த மனதை மதித்து, மிச்சமாகாதபடி அரிசியைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

தட்டுக்கு நம் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் 'கால், கால், பாதி') போதும்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், முட்டை அல்லது பருப்பு, மீதிப் பாதி காயும் பழமும். படம் காட்டாதீர்கள், நிஜத் தட்டில் பரிமாறுங்கள். சோற்றைப் பற்றித்தான் பேச்சு வரும். எனக்கோ மீன், முட்டைப் பங்குதான் கவலை. பல் போனதும் பலர் அதைத்தான் முதலில் விட்டுவிட்டு, ரொட்டியும் தேநீருமாக நாளைக் கழிக்கிறார்கள். உடம்பில் சதை கரைகிறது. ஆவியில் வேகவைத்த முட்டை, தவ்ஹூ (டோஃபு), முள் எடுத்து உதிர்த்த கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) எல்லாவற்றையும் வகுப்பிலேயே ருசி பார்க்கக் கொடுங்கள்.

உப்பு, ஊறுகாயும் கிச்சாப்பும் (சோயா சாஸ்) சேர்த்து, ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள். சர்க்கரைக்கும் அப்படித்தான்: கடையில் "தே கூராங் மானிஸ்", அதாவது இனிப்புக் குறைத்த தேநீர், என்று கேட்கச் சிலருக்குக் கூச்சம். வகுப்பில் சத்தமாகச் சொல்லிப் பழகட்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தத் தட்டுக் கணக்கு பொருந்தாமல் போகலாம். கிளினிக்கில் சொன்னதையே கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் மருமகளோ மகனோ சமைத்தால், அடுத்த வகுப்புக்கு அவர்களையும் கூட்டி வரச் சொல்லுங்கள்.