விருது பெற்ற சிறார் நூலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் பட்டியலைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு நூல் வாங்க நினைப்பவர்கள், அவ்விருது வயதுவாரியாகப் பிரித்து வழங்கப்படுவதில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சில ஆண்டுகளில் அது தனியொரு நூலுக்கன்றி, எழுத்தாளரின் ஒட்டுமொத்தப் பங்களிப்புக்காகத் தரப்பட்டுள்ளது. 2020இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ சிறார் மீதான பாலியல் சீண்டலைப் பேசுவதால், பெற்றோர் அதை முன்கூட்டியே படித்துவிட்டுப் பிள்ளையோடு சேர்ந்து வாசிப்பது நல்லது. ஒளித்துவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023) சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொருந்தும். கடையிலேயே இரண்டு பக்கங்களைப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்; வரிக்கு வரி தடுமாறினால், அட்டையிலுள்ள விருதுக் குறிப்பைப் பொருட்படுத்தாமல் வேறு நூலை எடுங்கள்.