ஸ்டோக்கர் பாய்லரில் ஃபீட் நட்டைத் திருகும் முன்

போன வாரம் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி ஊரிலிருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். பழைய வீடு வாங்கியிருக்கிறார். பேஸ்மென்ட்டில் நிலக்கரி ஸ்டோக்கர் பாய்லர், அதாவது கரியைத் தானே தீக்குள் தள்ளி, தண்ணீரைச் சூடாக்கி வீட்டுக்குச் சூடு தரும் பாய்லர். உள்ளே போகும் கரியின் அளவுதான் ஃபீட். ஒரு நட்டைத் திருகி அதைக் கூட்டலாம், குறைக்கலாம். "அண்ணா, தீ ரொம்பச் சின்னதா இருக்கு, ஃபீடை ரெண்டு சுத்து கூட்டிட்டேன். அப்படியும் ராத்திரி வீடு சூடாகலை. சாம்பல் தட்டு மட்டும் ஒரே நாள்ல ரொம்பிடுது" என்றார். என் முதல் குளிர்காலத்தில் நான் செய்ததும் அச்சு அசல் இதேதான். அதற்கப்புறம் இதே புலம்பலை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். அதனால்தான் புதியவர்கள் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஹாப்பரில் (கரி கொட்டிவைக்கும் தொட்டியில்) நிலக்கரி இருக்கிறதா, கரண்ட் வருகிறதா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தூங்கும் தீயைப் பார்த்து ஃபீடைக் கூட்டுவது

அமெரிக்காவில் ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரியை வெட்டியெடுப்பது பெரும்பாலும் எங்கள் வடகிழக்குப் பென்சில்வேனியாவில்தான். வீட்டு ஸ்டோக்கர்களில் அதிகம் போடுவது 'ரைஸ்' அளவு. பேர்தான் அரிசி, பார்த்தால் முழுத் துவரைக்கும் சின்னக் கொண்டைக்கடலைக்கும் இடைப்பட்ட அளவில் இருக்கும். ஹாப்பரிலிருந்து அது சரிவான கிரேட்டின், அதாவது ஓட்டைகள் போட்ட இரும்புத் தட்டின், மேல்முனையில் விழும். ஒரு தள்ளுகட்டை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளும். கிரேட் ஓட்டைகள் வழியே ஃபேன் கீழிருந்து காற்று ஊதும். எரிந்து முடிந்தது கீழ்முனையில் சாம்பல் தட்டில் விழும்.

ஃபீட் நட்டு தீர்மானிப்பது ஒன்றே ஒன்றைத்தான்: ஸ்டோக்கர் ஓடும்போது ஒவ்வொரு தள்ளலிலும் எவ்வளவு கரி நகர வேண்டும் என்பதை. எப்போது ஓட வேண்டும், எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பது அக்வாஸ்டாட்டும் (பாய்லர் தண்ணீரின் சூட்டைப் பார்த்து இயங்கும் சுவிட்ச்) டைமரும் பார்த்துக்கொள்ளும் வேலை. வீடு சூட்டைக் கேட்காத நேரத்தில் ஸ்டோக்கர் பெரும்பாலும் நின்றிருக்கும். அப்போது கிரேட்டின் மேல்முனையில் ஒரு மெல்லிய சிவப்புப் பட்டை, மற்ற இடமெல்லாம் சாம்பல். நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அதுதான். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

புதிதாக வருபவர் கதவைத் திறந்து பார்ப்பது இந்த நேரத்தில்தான். பாதி கிரேட் சாம்பலாகக் கிடப்பதைப் பார்த்ததும் கரி போதவில்லை என்று முடிவுகட்டி நட்டைத் திருகுகிறார். அன்றைக்கு எதுவும் ஆகாது. நாலு நாள் கழித்து கடுங்குளிர் இரவு வரும். பாய்லர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடும். தள்ளுகட்டை கூட்டிவைத்த அளவில் தள்ள, கரி எரிந்து முடியும் முன்பே கிரேட்டின் விளிம்புக்கு வந்துவிடும். சிவந்த கங்கு அப்படியே சாம்பல் தட்டில் விழும். அதன் சூடு பாய்லர் தண்ணீருக்குப் போகாமல் தட்டையும் கதவு கேஸ்கெட்டையும் வாட்டும். வீடு இன்னும் குளிர்கிறதே என்று மறுபடி ஒரு சுற்று கூட்டுவார்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பிரேக்கரில், அதாவது வெட்டிய கரியை உடைத்துச் சலிக்கும் ஆலையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் "என்ன, இவ்வளவு கனமாகத் தூக்குகிறாய்?" என்று கேட்டார். சாம்பல் ஆறும்வரை காத்திருந்து, ஒரு பழைய சல்லடையில் கொட்டிச் சலித்தார். நல்ல சாம்பல் வெளிறிப்போய், விரலால் நசுக்கினால் பொடியும். என் சல்லடையில் மிஞ்சியதோ கறுப்பாக, பளபளவென்று, வாங்கி வந்த மாதிரியே இருந்தது. நிறுத்துப் பார்த்தோம்: 6 பவுண்டு. அது ஒரே நாள் தட்டு.

ஒரு பவுண்டு ஆந்த்ரசைட்டில் சுமார் 12,000 முதல் 13,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) சூடு இருக்கிறது. நாளுக்கு 6 பவுண்டு என்றால் 5 மாதத்தில் 900 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட அரை டன். காசு கொடுத்து வாங்கி, முதுகு வலிக்க இறக்கி, எரிக்காமலே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். இன்றைக்கும் யாராவது "ஃபீடைக் கூட்டினேன்" என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. தீயைத் தப்பான நேரத்தில் பார்த்ததால் மட்டுமே வரும் நஷ்டம் இது.

சரியான நேரம் எது? குளிரான ஒரு நாளில் எல்லா தெர்மோஸ்டாட்டையும் ஏற்றிவிடுங்கள். பாய்லர் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நிற்காமல் ஓடட்டும். அப்புறம் பாருங்கள். தீ முடியும் இடத்துக்கும் கிரேட் விளிம்புக்கும் நடுவே ஒன்று, ஒன்றரை அங்குலம் செத்த சாம்பல் இருக்க வேண்டும். தீ விளிம்பைத் தொட்டால் அரைச் சுற்று குறையுங்கள். நாலு அங்குலம் சாம்பல் நின்றால் ஊதும் காற்றுக்குத் தக்க கரி வரவில்லை. அரைச் சுற்று கூட்டலாம். ஆந்த்ரசைட் மெதுவாகத்தான் பதில் சொல்லும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இன்னொரு முக்கால் மணி நேரம் முழு ஓட்டம் ஓடவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். ஃபீடையும் காற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

டைமர் செய்ய வேண்டியதை நட்டிடம் கேட்பது

ராத்திரியில் தீ அணைந்துபோகிறதென்றால் டைமரைக் கூட்டுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் தீ உயிரோடு இருக்கும். ஏப்ரலில் வீடு புழுங்கினால் அதையே கொஞ்சம் குறையுங்கள். நட்டைத் தொடாதீர்கள்.

கிரேட்டைச் சுற்றிக் காற்று கசிவது

1808 பிப்ரவரி 11 அன்று ஜெஸ்ஸி ஃபெல் என்பவர், என் நண்பர் இருக்கும் அதே வில்க்ஸ்-பாரியில், தன் விடுதிக் கணப்பில் இரும்புக் கிரேட் வைத்து ஆந்த்ரசைட்டை எரித்துக் காட்டினார். துருத்தி வைத்து ஊதினால்தான் இந்தக் கல் எரியும் என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். கீழிருந்து காற்று கரிக்குள் புகுந்து வந்தால் போதும் என்பதைக் கிரேட் காட்டிவிட்டது.

உங்கள் ஸ்டோக்கரிலும் விஷயம் அதேதான். கிரேட்டின் ஓரங்களில் சந்து இருந்தால் ஃபேன் காற்று கரி வழியே போகாமல் சந்து வழியே தப்பித்துவிடும். தீ ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் குட்டையாக நிற்கும். ஃபர்னஸ் சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம். கரித்தூள் ஓட்டைகளை அடைத்தாலும் இதே கோலம்தான். கரிக் கிடங்கின் அடியில் தங்கும் தூளை அள்ளி ஹாப்பரில் போடாதீர்கள். பாய்லர் ஆறியிருக்கும்போது ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திவிடுங்கள். விழுந்த தூளைக் கிரேட்டுக்கு அடியிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

பாரோமெட்ரிக் டாம்பரை டேப் போட்டு மூடுவது

புகைக்குழாயில் இருக்கும் இந்தத் தட்டு, இழுப்பு கூடினால் தானே திறந்து அறைக் காற்றை உள்ளே விடும். பேஸ்மென்ட்டின் சூடான காற்று அதன் வழியே புகைபோக்கிக்குள் போகிறதே என்று ஒருவர் ஃபாயில் டேப் சுற்றிவைத்திருந்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் விளைவு நேர்மாறானது. வெளியே குளிர் கூடக் கூடப் புகைபோக்கி அதிகமாக இழுக்கும். டாம்பர் திறந்து அறைக் காற்றைக் கொடுக்காவிட்டால் அந்த இழுப்பு முழுக்கத் தீயின் மேல் விழுந்து, தண்ணீருக்குப் போக வேண்டிய சூட்டை வெளியே கொண்டுபோய்விடும். என் பாய்லரில் புகைக்குழாயில் 0.03 அங்குல நீர் உயர அளவுக்கு இழுப்பு வைத்திருக்கிறேன். உங்கள் பாய்லரின் கையேட்டில் சொன்ன அளவை வையுங்கள்.

மானோமீட்டர் (இழுப்பை அளக்கும் கருவி) இல்லாமல் டிராஃப்ட்டை, அதாவது புகைபோக்கியின் இழுப்பைச் சரிசெய்வது

வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடு அலாரம்

பேஸ்மென்ட்டில் ஒன்று, படுக்கையறை மாடியில் ஒன்று. இன்றைக்கே.

பறக்கும் சாம்பலை மறப்பது

ஆந்த்ரசைட்டில் புகை கிட்டத்தட்ட இல்லை. அதனாலேயே குழாய் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். மாவு மாதிரி நைஸான சாம்பல் பாய்லரின் உள்சுவரில் படிந்து சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் தடுக்கும். படுக்கைவாட்டுக் குழாயிலும் டாம்பருக்கு அடியிலும் தங்கி இழுப்பைக் குறைக்கும். மாதம் ஒருமுறை திறந்து பிரஷ் போடுங்கள். வேக்யூம் என்றால் நைஸ் சாம்பலுக்கான ஃபில்டரோடு, நன்றாக ஆறிய பிறகு மட்டும்.

அதைவிட மோசம், சீசன் முடிந்ததும் அப்படியே விட்டுவிடுவது. கோடையில் பேஸ்மென்ட் ஈரத்தைச் சாம்பல் உறிஞ்சும். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலமாகி இரும்பைத் தின்னும். செப்டம்பரில் குழாயைத் தட்டிப் பார்த்தால் விரல் உள்ளே போகும். நிறுத்திய அன்றே சுத்தம் செய்து, குழாயைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவிக் காயவைத்து, எண்ணெய் பூசி வைத்துவிடுங்கள். ஹாப்பரையும் காலி செய்யுங்கள்.

புது லோடு வந்ததும் பழைய அளவையே நம்புவது

வேறு பிரேக்கரிலிருந்து வரும் கரி வேறு மாதிரி எரியும். முழு ஓட்டச் சோதனையை மறுபடி ஒருமுறை செய்ய வேண்டும். நண்பர் சனிக்கிழமை அதைச் செய்தார். ஒன்றரைச் சுற்று குறைத்த பிறகு விளிம்பில் ஒன்றேகால் அங்குலச் சாம்பல் நின்றது. இப்போது தட்டு இரண்டு நாள் தாங்குகிறதாம். அடுத்த லோடு வியாழக்கிழமை வருகிறது. அதற்கு முன்னால் நட்டு நிற்கும் இடத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.